மூணு பேர் கதவைத் தட்டின ராத்திரிக்கு அப்புறம்

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதையை சொல்லாத சபை எங்க வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கிடையாது. சண்டே ஸ்கூல்ல சொல்வாங்க, பெண்கள் ஐக்கியத்துல சொல்வாங்க, மிஷனரி ஞாயிறு வந்தா பிரசங்கத்துல கண்டிப்பா வரும், லீவ்ல விபிஎஸ்ங்கற வேதாகமப் பள்ளி நடக்கும்போது பிள்ளைங்க டிராமாவே போடுவாங்க. ஆனா எல்லாரும் ஒரே இடத்துல நிறுத்திடறாங்க. திண்டிவனத்துல ராத்திரி மூணு பேர் வந்து கதவைத் தட்டினாங்க, மூணு பேரோட மனைவிங்களும் பிரசவத்துல செத்துப்போனாங்க, காலையில ஐடா நான் டாக்டராகப் போறேன்னு சொன்னாங்க, அதோட கதையை முடிச்சு ஜெபத்துக்கு போயிடுவாங்க. எனக்கு அதுக்கு அப்புறம் நடந்தது தான் ரொம்ப முக்கியமா படுது, அதைப் பத்தி எழுதணும்னு நாளா நெனச்சிட்டு இருந்தேன், இப்ப எழுதறதுக்கு ஒரு காரணமும் வந்திருக்கு, அதை கீழ சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக முன்கதை கொஞ்சம். ஐடா 1870 டிசம்பர்ல ராணிப்பேட்டையில பிறந்தவங்க. தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவுல நல்லா ஓடிட்டு இருந்த டாக்டர் தொழிலை விட்டுட்டு 1819ல கப்பல் ஏறி முதல்ல யாழ்ப்பாணம் பக்கம் வந்து, அப்புறம் மெட்ராஸ் வந்தவர். அவரோட பையன்கள் கிட்டத்தட்ட எல்லாரும் இங்கயே ஊழியத்துக்கு வந்தாங்க, 1853ல ஆரம்பிச்ச ஆற்காடு மிஷனே அந்த குடும்பத்தோட மிஷன் தான்னு சொல்லலாம். கடைசி பையனோட பொண்ணு தான் ஐடா. இப்படி ஒரு குடும்பத்துல பிறந்தா ஊழியத்துக்கு வர்றது சுலபம்னு நாம நெனப்போம், ஆனா ஐடாவுக்கு அது நேர் எதிரா இருந்துச்சு. 1876ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல பெரிய பஞ்சம், சின்னப் பொண்ணா இருந்த ஐடா பட்டினியில கிடந்த பிள்ளைங்களுக்கு ரொட்டியைப் பிச்சு வாயில வெச்சிருக்காங்க, கையால வாங்கி சாப்பிடற தெம்பு கூட அந்தப் பிள்ளைங்களுக்கு இல்ல. அப்புறம் குடும்பம் அமெரிக்கா போச்சு, அப்பா முதல்ல இந்தியாவுக்கு திரும்பினார், கொஞ்ச நாள்ல அம்மாவும் கெளம்பிட்டாங்க, பொண்ணை சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டு. அந்த வயசுல அம்மா அப்பா ரெண்டு பேரும் கடல் தாண்டி போயிட்டா ஒரு பிள்ளைக்கு ஊழியம்ங்கற வார்த்தை மேலயே கோவம் வரும். நான் மட்டும் அந்த வாழ்க்கைக்கு போகவே மாட்டேன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. அதுல எனக்கு தப்பே தெரியல.

1890ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு தான் திண்டிவனம் வந்தாங்க. பாத்துக்கணும், அம்மாவுக்கு சரியானதும் அமெரிக்கா திரும்பணும், அதான் பிளான். வயசு இருபது கூட ஆகல. அப்ப தான் அந்த ராத்திரி. ஒரு பிராமணர் வந்து என் மனைவிக்கு முதல் பிரசவம், கஷ்டப்படறா, வாங்கன்னு கேக்கறார். ஐடா எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா தான் டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க. வெளி ஆம்பளை என் வீட்டுப் பொண்ணைப் பாக்கறதுக்கு அவ செத்தாலும் பரவாயில்லன்னு அவர் திரும்பிப் போயிடறார். அடுத்து ஒரு முஸ்லிம், அதே வேண்டுதல், அதே பதில். அடுத்து இன்னொரு சாதி இந்து, அவரும் அதே. காலையில விசாரிச்சா அந்த மூணு பொண்ணுங்களும் செத்துப்போயாச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். சில பிரசங்கங்கள்ல இதை சொல்லும்போது ஐடாவை அழைக்கறதுக்காக ஆண்டவர் அந்த மூணு பேரையும் எடுத்துக்கிட்டார்ங்கற மாதிரி சொல்லிடறாங்க. எனக்கு அதை கேட்டா உடம்பு கூசுது. அந்த மூணு பொண்ணுங்க பேரு கூட நமக்குத் தெரியாது, எங்கயும் யாரும் எழுதி வைக்கல, அதுல முதல் பொண்ணுக்கு வயசு பதினாலு தான்னு சொல்வாங்க, ஒம்பதாவது படிக்கற வயசு. ஒருத்தரோட ஊழியத்துக்கு அடையாளமா இருக்கறதுக்கு அவங்க பிறக்கல. அவங்க சாவுக்கு காரணம் பொம்பளை டாக்டர் இல்லாதது, ஆம்பளை டாக்டர் பாக்கக் கூடாதுங்கற கட்டுப்பாடு, அவ்வளவு தான். என் ஆண்டவர் ஒருத்தரைக் கூப்பிட மூணு பேரைக் கொல்றவர் இல்ல. அந்த சாவுகளுக்கு முன்னாடி நின்ன ஒரு பொண்ணு முகத்தைத் திருப்பிக்காம இருந்தா பாருங்க, அந்த இடத்துல தான் ஆண்டவர் இருந்தார்னு நான் நம்பறேன்.

முகத்தைத் திருப்பிக்க ஐடாவுக்கு எத்தனையோ நியாயம் இருந்துச்சு. நான் டாக்டர் இல்ல. நான் இங்க தங்க வரல. வந்தவங்க எங்க அப்பாவை வேண்டாம்னு சொன்னாங்க, நான் என்ன பண்ண. இது அவங்க வழக்கம், நாம யாரு மாத்த. இதுல ஒண்ணு கூட பொய் இல்ல. நாம கூப்பிடப்படும்போது சொல்ற காரணங்களும் இப்படித்தான், எல்லாமே உண்மையா இருக்கும், அதனால தான் தாண்டி வர்றது அவ்ளோ கஷ்டம்.

சரி, அப்புறம். அந்த ராத்திரி நடந்தது 1890ல. ஐடா ஃபிலடெல்ஃபியாவுல பெண்கள் மெடிக்கல் காலேஜ்ல சேந்தது 1895ல. நடுவுல வருஷங்கள் இருக்கு, இதை யாரும் சொல்றதே இல்ல. அம்மாவைப் பாத்துக்கிட்டு, மிஷன் வேலைகள்ல ஒத்தாசை பண்ணிக்கிட்டு, இந்த ஊர்லயே இருந்திருக்காங்க. ஒரு மீட்டிங்ல கண்ணீரோட கை தூக்கின தீர்மானம் நமக்கு எத்தனை வாரம் தாங்குது? இவங்களுக்கு வருஷக்கணக்கா தாங்கியிருக்கு, தாங்கி அதுக்கு அப்புறம் போய் முதல் வருஷ எலும்பு பாடத்துல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க. நியூயார்க்ல கார்னெல் மெடிக்கல் காலேஜ்ல பொண்ணுங்களை சேத்துக்க ஆரம்பிச்சதும் அங்க மாறி, 1899ல அங்கிருந்து டாக்டராகி வெளிய வந்த முதல் பெண்கள்ல ஒருத்தரா வந்தாங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு பாரம். வேலூர்ல பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டணும், அதுக்கு 8,000 டாலர் நீயே சேத்துக்கோன்னு மிஷன் சொல்லிடுச்சு, கப்பலுக்கு நாள் நெருங்குது. வீடு வீடா போய் கேட்டிருக்காங்க. ஒரு வீட்டுல பேசிட்டு இருக்கும்போது பக்கத்து ரூம்ல இருந்த வயசான பேங்க்காரர் ஷெல்னு ஒருத்தர் கேட்டுட்டு இருந்திருக்கார், அடுத்த நாள் கூப்பிட்டு கேள்வி மேல கேள்வி கேட்டு, கடைசியில இறந்துபோன தன் மனைவி பேர்ல 10,000 டாலர் குடுத்துட்டார். இதை அற்புதம்னு சாட்சி சொல்வாங்க, அற்புதம் தான், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனா அந்தப் பொண்ணு அந்த வீட்டுப் படி ஏறி வெக்கப்படாம வாயைத் திறந்து கேட்டதும் விசுவாசத்துல சேந்தது தான்.

இப்ப காரணத்துக்கு வர்றேன். என் தங்கச்சி பொண்ணு வேலூர் சிஎம்சியில எம்பிபிஎஸ் முடிச்சிட்டா. அங்க சபை மூலமா ஸ்பான்சர் ஆகி சேந்தவங்க படிப்பு முடிச்சதும் ரெண்டு வருஷம் தேவை இருக்கற மிஷன் ஆஸ்பத்திரியில போய் வேலை செய்யணும், அது சேரும்போதே ஒத்துக்கிட்ட விஷயம். இவளுக்கு ஜார்க்கண்ட்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. போன மாசம் வீட்டுக்கு வந்திருந்தா, சாப்பிட்டு முடிச்சு சமையல்கட்டுல நான் பாத்திரம் ஒழிச்சிட்டு இருக்கேன், இவ கதவுல இருந்த கைப்பிடியில நூலைக் கட்டி ஒரு கையால முடிச்சு போட்டுப் போட்டு அவுத்துட்டு இருந்தா. ஆபரேஷன்ல போடற முடிச்சாம். இடது கையால போடறது இன்னும் வேகம் வரலன்னு சொல்லிக்கிட்டே திரும்பத் திரும்ப போட்டா. பேசிட்டே இருந்தவ திடீர்னு, பெரியம்மா, அங்க சீனியர் டாக்டர் ஒருத்தர் தான், அவர் ஊருக்குப் போயிட்டா நான் மட்டும் தான், ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தப்போக்கோட ஒரு அம்மா வந்தா என் கையில என்ன இருக்கும்னு கேட்டா. என்னால உடனே பதில் சொல்ல முடியல. பயப்படாத, கர்த்தர் இருக்கார்னு சொல்றது வாய் வரைக்கும் வந்துச்சு, அது உண்மையும் கூட, ஆனா அந்த நேரத்துல அது அவ கேட்ட கேள்விக்கு பதிலா இருக்காதுன்னு தோணுச்சு. அதனால நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஐடா அம்மா பத்தி பேசினோம், ராத்திரி ரொம்ப நேரம். இதுல எழுதறது பாதி அன்னைக்கு பேசினது தான்.

ஏன்னா ஐடாவுக்கும் அதே தான் நடந்துச்சு. 1900 வருஷம் ஆரம்பிக்கும்போது வேலூர் வந்து சேர்றாங்க. அனுபவம் கிடையாது, ஆனா அப்பா இருக்கார், இத்தனை வருஷம் இந்த ஊர்ல வைத்தியம் பாத்தவர், அவர் பக்கத்துல நின்னு கத்துக்கலாம்னு தைரியம். வந்த அதே வருஷம் மே மாசம் அப்பா இறந்துட்டார். தனியா நிக்கறாங்க, இருபத்தொன்பது வயசு. ஜனங்க நம்பி உடனே வந்துடவும் இல்ல, பொம்பளை வைத்தியம் பாப்பாளான்னு தயக்கம். பங்களாவுல ஒரு சின்ன ரூம், அதுல ஒரே ஒரு கட்டில், அங்க தான் ஆரம்பம். இன்னைக்கு தினமும் ஆயிரக்கணக்குல ஜனங்க வந்து போற ஆஸ்பத்திரியோட முதல் வார்டு அது. ரெண்டே வருஷத்துல ஐயாயிரம் பேரைப் பாத்தாங்கன்னு கணக்கு சொல்வாங்க. 1902ல நாப்பது படுக்கையோட ஷெல் ஆஸ்பத்திரி திறந்தாச்சு. ஆரணி ரோட்டுல அது இன்னும் இருக்கு, இப்ப கண் ஆஸ்பத்திரி, காலையில போனீங்கன்னா ஒத்தைக் கண்ணுல கட்டு போட்ட பாட்டிங்க பேரன் கையைப் பிடிச்சிட்டு வரிசையா உக்காந்திருப்பாங்க.

சின்னவ ஒண்ணு கேட்டா, அவங்களுக்கு பயமே இருந்திருக்காதா பெரியம்மான்னு. இருந்திருக்கும்னு தான் நான் சொன்னேன். டாக்டர் பட்டம் வாங்கி ஒரு வருஷம் கூட ஆகாத ஒருத்தர், பக்கத்துல கேக்க ஆளில்லாம, உயிருக்குப் போராடற ஒருத்தர் முன்னாடி நின்னா பயம் வராம எப்படி இருக்கும். பயம் போன பிறகு தான் விசுவாசம் வரும்னு நாம காத்துட்டு இருக்கோம், சபையில கூட அப்படித்தான் ஜெபிக்கிறோம், பயத்தை எடுத்துப் போடும் ஆண்டவரேன்னு. ஜெபிக்கலாம், தப்பில்ல. ஆனா அது போகலன்னா? போகாட்டியும் கட்டில்ல ஒருத்தர் படுத்திருக்காங்க இல்ல. உறுதியான விசுவாசம்னு நான் எதைச் சொல்றேன்னா, கை நடுங்கினாலும் கழுவிட்டு வந்து நிக்கறது. நூலை கைப்பிடியில கட்டி இடது கைக்கு முடிச்சு பழக்கறது கூட எனக்கு ஜெபம் மாதிரி தான் தெரிஞ்சுது. கர்த்தர் பாத்துப்பார்னு சொல்லிட்டு படிக்காம போற டாக்டர்கிட்ட நான் காட்ட மாட்டேன், எத்தனை அல்லேலூயா சொன்னாலும்.

அப்புறம் தனியா நின்னாங்கன்னு சொன்னேன், அது முழுசா சரி இல்ல. பைபிள்ல மோசே எத்தனை சாக்கு சொன்னார், நான் எம்மாத்திரம், எனக்கு பேச வராதுன்னு, ஆண்டவர் பேச்சுத் திறமையைக் குடுத்துடல, கூட அவரோட அண்ணன் ஆரோனைத் தான் அனுப்பினார். எனக்கு அந்த இடம் ரொம்ப பிடிக்கும். ஐடா கூட அன்னி ஹேன்காக்னு ஒரு சிநேகிதி அமெரிக்காவுல இருந்து சேந்து வந்தாங்க, வைத்தியம் தெரியாது, ஆனா வேலூர் வீடுகளுக்குள்ள போய் வெளிய வராத பொம்பளைங்க கூட உக்காந்து பேசி பழகினது அவங்க தான், அந்தப் பழக்கம் இல்லன்னா எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சிருப்பாங்க. மருத்துவ வேலையில பக்கத்துல நின்னு உதவினது பங்களாவுல வேலை செஞ்சவரோட மனைவி சலோமி. நர்ஸ் படிப்பு படிச்சவங்க கிடையாது, நம்ம ஊர் பொம்பளை, பாத்துப் பாத்து கத்துக்கிட்டாங்க. அம்மா சோஃபியாவும் அமெரிக்கா திரும்பாம வேலூர்லயே மகளோட இருந்துட்டாங்க, அவங்க போனது 1925ல. உடம்பு சரியில்லன்னு பொண்ணை வரவழைச்ச அம்மா! சலோமி பேரை எந்த பிரசங்கத்துலயாவது கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. நம்மகிட்ட அழைப்புன்னா மேடையில நிக்கற ஒருத்தருக்கு மட்டும் வர்றதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, கொதிக்கற தண்ணியில கத்தியையும் கத்திரியையும் போட்டு எடுத்துக் குடுத்தவங்களுக்கும் அது வந்திருக்கு.

கட்டடம் வந்தாச்சு, இனி ஜனங்க வரட்டும்னு உக்காந்திருக்கலாம். உக்காரல. கிராமத்துல இருந்து வர முடியாதவங்களைத் தேடி ரோட்டோர வைத்தியம்னு ஆரம்பிச்சாங்க, முதல்ல மாட்டு வண்டியில, 1909ல ஒரு சின்ன பெஜோ கார் வந்துச்சு, அதுல வாரத்துல ஒரு நாள் குடியாத்தம் ரோட்டுல. போற வழியில மரத்தடியில நிறுத்துவாங்க, அங்க ஜனங்க காத்திருப்பாங்க, புண்ணைக் கழுவிக் கட்டு போடறது, கண்ணுக்கு மருந்து விடறது, மாத்திரை குடுக்கறது, முடிஞ்சதும் அடுத்த மரம். குடியாத்தம் ரோட்டுல இப்ப பஸ்ல போகும்போது புளியமரங்களைப் பாத்தா எனக்கு அந்த ஞாபகம் வராம இருக்காது. அதே 1909ல தான் நர்ஸிங் ஸ்கூலும்.

ஆனா எனக்கு எல்லாத்தையும் விட பெருசா படறது 1918. ஐடாவுக்கு அப்ப நாப்பத்தேழு வயசு. பதினெட்டு வருஷமா ராப்பகலா வேலை. நாம இருந்தா என்ன நெனப்போம், போதும் ஆண்டவரே, என் பங்கை செஞ்சுட்டேன்னு தான். அவங்க கணக்கு வேற. நான் ஒருத்தி எத்தனை பிரசவம் பாக்க முடியும், அந்த ராத்திரி வந்தது மூணு வீடு, இந்த மாகாணத்துல எத்தனை லட்சம் வீடு. அதனால இந்த ஊர்ப் பொண்ணுங்களையே டாக்டராக்கணும். நடுவுல உலகப் போர் வேற, பணம் கிடையாது, ஆள் கிடையாது, சொந்தமா காலேஜ் கட்டடம் கிடையாது. மெட்ராஸ்ல மருத்துவத் துறைக்கு தலைவரா இருந்த பிரைசன்ங்கற வெள்ளைக்கார அதிகாரி, மூணு பேர் அப்ளை பண்ணினாலே அதிசயம்ங்கற மாதிரி பேசியிருக்கார். அவர் சொன்னது அந்தக் காலத்துக்கு தப்பான கணிப்பும் இல்ல, பொண்ணுங்க பள்ளிக்கூடம் முடிக்கறதே அபூர்வமா இருந்த நாள். ஆனா அப்ளிகேஷன் குவிஞ்சு போச்சு, நிறைய பேரை இடமில்லன்னு திருப்பி அனுப்பினாங்க. 1918 ஆகஸ்ட் 12, கவர்னர் பென்ட்லண்ட் பிரபு வந்து திறந்து வெச்சார். உடற்கூறு பாடத்தை ஐடாவே எடுத்தாங்க, ஆஸ்பத்திரியில ஆபரேஷன், அப்புறம் கிளாஸ், அப்புறம் வார்டு. முதல் வருஷப் பரீட்சைக்கு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனப்ப அதே அதிகாரி, யாரும் பாஸ் ஆகலன்னா மனசு விட்டுடாதீங்க, ஆண்கள் ஸ்கூல்லயே அஞ்சுல ஒருத்தர் தான் தேறறாங்கன்னு சொன்னதா எங்க பக்கம் சொல்வாங்க. ரிசல்ட் வந்துச்சு. பதினாலு பேர் எழுதினாங்க, பதினாலு பேரும் பாஸ்.

அந்த பதினாலு பேரைப் பத்தி நான் அடிக்கடி நெனப்பேன். ஐடாவுக்காவது பின்னாடி குடும்பம், மிஷன், அமெரிக்கான்னு ஒரு பலம் இருந்துச்சு. இந்தப் பொண்ணுங்களுக்கு? பொணத்தைத் தொட்டு படிக்கப் போறாளாம்னு தெருவே பேசியிருக்கும், கல்யாணம் எப்படி ஆகும்னு அத்தைங்க அழுதிருப்பாங்க, பாடமெல்லாம் இங்கிலீஷ்ல. அதுக்கு நடுவுல உக்காந்து எலும்பு பேரு மனப்பாடம் பண்ணியிருக்காங்க. அவங்க விசுவாசத்துக்கு யாரும் சிலை வைக்கல.

வேலூர்னு பேச ஆரம்பிச்சா மேரி வர்கீஸ் அம்மாவை விட்டுட்டு போக முடியாது. கேரளாவுல பிறந்தவங்க, வேலூர்லயே டாக்டருக்கு படிச்சு அங்கயே வேலை பாத்தவங்க. 1954ல கூட இருந்த டாக்டர்களோட வண்டியில போயிட்டு இருக்கும்போது விபத்து, முதுகுத்தண்டுல அடி, ரெண்டு காலும் போச்சு. முகத்துலயும் பெரிய காயம். முப்பது வயசுக்குள்ள. இங்க அழைப்புன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஐடாவுக்கு முன்னாடி ஒரு பெரிய வேலை இருந்துச்சு, செய்ய கை கால் இருந்துச்சு. மேரிக்கு ஏற்கனவே கீழ்ப்படிஞ்சு வந்து நின்ன இடத்துல இருந்தே கீழ தள்ளின மாதிரி. ஆண்டவர் கூப்பிட்டார்னு வந்தேன், இப்ப என்னன்னு கேக்க அவங்களுக்கு முழு உரிமை இருந்துச்சு. அப்ப அங்க பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், தொழுநோயால மடங்கிப் போன கைகளை ஆபரேஷன் பண்ணி நிமித்தற முறையை 1948ல இருந்து அங்க உருவாக்கிட்டு இருந்தவர். கை ஆபரேஷனை உக்காந்துட்டே பண்ணலாம், நீ திரும்ப சர்ஜரிக்கு வான்னு கூப்பிட்டார். வந்தாங்க. முதுகு நேரா நிக்கறதுக்கு மறுபடி ஆபரேஷன்கள் தாங்கிக்கிட்டு, வீல்சேர்ல உக்காந்து, விரலை அசைக்க முடியாதவங்களுக்கு விரலை திருப்பிக் குடுத்தாங்க. நடக்க முடியாத டாக்டர் வீல்சேர்ல வர்றதைப் பாக்கும்போது ஒரு தொழுநோயாளிக்கு என்ன தோணியிருக்கும்! அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, 1966ல வேலூர் பாகாயத்துல முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு தங்கி சிகிச்சை எடுக்கற மறுவாழ்வு மையம் ஆரம்பிக்க காரணமா இருந்தாங்க, நம்ம நாட்டுலயே அந்த மாதிரி முதல் மையங்கள்ல ஒண்ணு. 1972ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. தன்னால இனி முடியாதுன்னு ஆனதை பத்தி அழாம இருந்திருக்க மாட்டாங்க, நிச்சயமா அழுதிருப்பாங்க. ஆனா மிச்சம் இருந்த ரெண்டு கையை ஆண்டவர் கையில குடுத்தாங்க. சின்னவகிட்ட இதைச் சொன்னப்ப அவ ஒண்ணும் பேசல, நூல் மட்டும் கைப்பிடியில தொங்கிட்டு இருந்துச்சு.

ஐடா கதைக்கு இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா எனக்கு அவங்க மேல மரியாதை இன்னும் கூடினது அதுல தான். 1930கள் முடிவுல மெட்ராஸ் அரசாங்கம் டிப்ளமா மருத்துவப் படிப்பு இனி வேண்டாம், எம்பிபிஎஸ் டிகிரி மட்டும் தான், தகுதி இல்லாத ஸ்கூல் மூடிக்கலாம்னு கொண்டு வந்துச்சு. வேலூர் காலேஜ் டிப்ளமா தான். டிகிரியா மாத்தணும்னா பெரிய படிப்பு படிச்ச பேராசிரியர்கள், லேப், இன்னும் படுக்கைகள், எல்லாத்துக்கும் மலை மாதிரி பணம். இருபது வருஷ உழைப்பு மொத்தமா போற நிலைமை. ஐடாவுக்கு எழுபது வயசு ஆகுது. 1941ல, போர் நடக்கற நேரத்துல, கப்பல் ஏறி அமெரிக்கா போய் ஊர் ஊரா சபை சபையா பேசி பணம் சேத்தாங்க, வருஷக்கணக்கா. நடுவுல இன்னொரு வலி. ஆண்களையும் சேத்துக்கிட்டா தான் மத்த சபைகளும் பங்கு சேரும், காலேஜ் பிழைக்கும்ங்கற நிலை. பெண்களுக்குன்னே காசு சேத்துக் குடுத்த பழைய சிநேகிதிங்க, அதுல லூசி பீபாடி அம்மா ஐடாவுக்கு அவ்ளோ நெருக்கம், அவங்களே இதுக்கு ஒத்துக்கல, துரோகம் மாதிரி நெனச்சாங்க. நாப்பது வருஷமா பொண்ணுங்களுக்காக வாழ்ந்தவங்க இந்த முடிவை எவ்ளோ வேதனையோட எடுத்திருப்பாங்க. எடுத்தாங்க. 1942ல எம்பிபிஎஸ்க்கு அனுமதி கிடைச்சுது, 1947ல ஆண் மாணவர்கள் சேந்தாங்க. சிலர் இதை சமரசம்னு சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல. தரிசனத்தைப் பிடிச்சுக்கறதும் அதோட பழைய உருவத்தைப் பிடிச்சுக்கறதும் வேற வேற, ஐடாவுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. சிநேகிதிங்க மனசு நோகும்னு தெரிஞ்சும் நின்னாங்க, எனக்கு என்னவோ அந்த மூணு பேர் கதவைத் தட்டின ராத்திரியை விட இது தான் அவங்களுக்கு பெரிய சோதனைன்னு படுது. அப்புறம் கொடைக்கானல்ல இருந்தாங்க, 1960 மே மாசம் காலமானாங்க, எண்பத்தொன்பது வயசு.

சின்னவளுக்கு நான் கடைசியா சொன்னது இது தான். ரெண்டு மணிக்கு அந்த அம்மா வந்தா உன் கையில என்ன இருக்கும்னு கேட்ட. ஆறு வருஷமா நீ படிச்சது இருக்கும், முடிச்சு போடத் தெரிஞ்ச விரல் இருக்கும், கூட ராத்திரி டியூட்டி பாக்கற ஒரு சிஸ்டர் இருப்பாங்க, அவங்க உன்னை விட நூறு பிரசவம் கூடப் பாத்திருப்பாங்க, அவங்க பேச்சைக் கேளு. எப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு முன்னாடியே அவங்ககிட்ட உக்காந்து எழுதி வெச்சுக்கோ, வண்டிக்காரர் நம்பரை செவுத்துல ஒட்டி வை. உன்னை அனுப்பினவர் உனக்கு முன்னாடியே அங்க போயிட்டார், அதை நான் முழு மனசோட நம்பறேன். எல்லாரையும் உன்னால காப்பாத்த முடியாது, ஐடாவாலயும் முடியல, அந்த நாள்ல அழு, எனக்கு ஃபோன் பண்ணு, எத்தனை மணியா இருந்தாலும் பரவாயில்ல. மறுநாள் வார்டுக்குப் போ. அவ தலையாட்டினா, அப்புறம் அங்க குக்கர் கிடைக்குமா பெரியம்மா, இல்ல இங்கிருந்தே எடுத்துட்டுப் போகணுமான்னு கேட்டா. போறதுன்னு முடிவாயிடுச்சுன்னு எனக்கு அப்ப தான் நிம்மதி.

அடுத்த வாரம் காட்பாடியில இருந்து தன்பாத் எக்ஸ்பிரஸ்ல போறா. அந்த டிரெயினை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஜார்க்கண்ட்ல இருந்தும் அந்தப் பக்கத்துல இருந்தும் ரெண்டு ராத்திரி பயணம் பண்ணி நோயாளிங்க வேலூருக்கு வந்து இறங்கற டிரெயின், கையில எக்ஸ்ரே கவரோட பிளாட்பாரத்துல நின்னு வழி கேப்பாங்க. இவ அதுலயே எதிர் திசையில போறா, அவங்க ஊருக்கே. தங்கச்சி பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வெச்சிட்டா, குக்கரும் போகுது.

இதைப் படிக்கறவங்கள்ல அந்தப் பக்கம் இருந்தவங்க, வேலை பாத்தவங்க யாராவது இருந்தா ரெண்டு உதவி. ஹிந்தி அவளுக்கு அரைகுறை தான், அங்க பேசறதுல சாத்ரிங்கற மொழியும் கலந்திருக்கும்னு சொல்றாங்க, வலி எங்க இருக்கு, எத்தனை மாசம், எப்ப இருந்து ரத்தம் போகுது, இந்த மாதிரி கேள்விகளை அந்த ஊர்ப் பேச்சுல எப்படிக் கேக்கறதுன்னு தெரிஞ்சா தமிழ் எழுத்துலயே எழுதி அனுப்புங்க. இன்னொண்ணு, குளிருக்கு எந்த மாதிரி கம்பளி வாங்கணும்னு சொல்லுங்க, எங்க ஊர் வெயில்ல வளந்த பிள்ளை, எங்களுக்கு அது பத்தி ஒண்ணும் தெரியாது. ஜெபிக்கறவங்க அவளுக்காகவும், அங்க அவளுக்கு முன்னாடியே ராத்திரி டியூட்டி பாத்துட்டு இருக்கற சிஸ்டர்களுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க.